மட்டக்களப்புக்கு வந்து சேராத ஸ்கூட்டர்

எங்கள் மரண அறிவித்தல்களுக்கு ஒரு வடிவம் உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதி காலமானார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும் ஆவார். கல்முனைப் பக்கம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும் ஜனாஸா அறிவித்தலும் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் போகும். யாருடைய கணவர், யாருடைய வாப்பா, யாருடைய சகோதரர், கடைசியில் நல்லடக்கம் எத்தனை மணிக்கு.

மட்டக்களப்பைச் சேர்ந்த ஆண்களின் அறிவித்தல்களில் சில வேளை ஒரு வரி கூடுதலாக வரும்: புனித மிக்கேல் கல்லூரியின் முன்னாள் கூடைப்பந்தாட்ட வீரர். அறிவித்தல் கனடாவிலிருந்து வந்தாலும் லண்டனிலிருந்து வந்தாலும் மெல்பேர்னிலிருந்து வந்தாலும் அந்த வரியை விடமாட்டார்கள். வங்கியில் எந்தப் பதவியில் இருந்தார் என்பதை மறந்துவிடுவார்கள், இதை மறக்கமாட்டார்கள். பேரப்பிள்ளை கண்ட ஒருவரை, அவர் பதினேழு வயதில் ஆடிய விளையாட்டின் பெயரைச் சொல்லி வழியனுப்புவது எங்கள் கரையோரத்தில் வேறு எந்த விளையாட்டுக்கும் இந்த அளவுக்கு நடப்பதில்லை.

அந்த வரி எப்படி வந்தது என்று தேடிப்போனால் முக்கியமாக இரண்டு பேர் நிற்கிறார்கள். இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார். ஒருவர் ஹரோல்ட் வெபர். மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்குக்கு அவருடைய பெயர்தான். வெபர் மைதானம் என்றால் ஓட்டோக்காரர் மறு கேள்வி கேட்கமாட்டார். மற்றவர் இயூஜின் ஜோன் ஹேபியர். மேலே சொன்ன வடிவத்தில் அவருக்கு இன்றுவரை ஓர் அறிவித்தல் எழுத முடியாது. பிறப்பிடம் தெரியும். வசிப்பிடம் தெரியும். காலமான திகதி என்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார் ஹேபியர் அடிகளார். பின்னால் பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞர் இருந்தார். இடையில் இருப்பது சுமார் முப்பது கிலோமீற்றர். இருவரும் வந்து சேரவில்லை.

அவருடைய பெயரைத் தமிழில் எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஹேபேர்ட், ஹெபர்ட், எபேர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். அது பிரெஞ்சு வழிப் பெயர். லூசியானா மாநிலத்தில் அந்தப் பெயருள்ள குடும்பங்கள் ஏராளம். கடைசி எழுத்தை அங்கே உச்சரிப்பதில்லை. அவர் 1923 ஒக்டோபர் 9ஆம் திகதி பிறந்த ஜெனிங்ஸ் என்ற சிறிய ஊரும் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. நெல் வயல்களும் சதுப்பு நிலமும் வெக்கையும் சூறாவளியும் உள்ள பகுதி. அங்கிருந்து வந்தவருக்கு மட்டக்களப்பு வாவியும் படுவான்கரை வயல்களும் முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

திருகோணமலை மறைமாவட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இயேசு சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. மட்டக்களப்பும் அதற்குள்தான் இருந்தது. முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக் குருமார். அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூ ஓர்லியன்ஸை மையமாகக் கொண்ட அமெரிக்க இயேசு சபையினர் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948இல் வந்த ஹேபியருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வந்தவர் திரும்பிப் போய்க் குடியேறவில்லை. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படிப்பித்தார். இரண்டு இடத்திலும் கூடைப்பந்து பயிற்றினார். கடைசிக் காலத்தில் மட்டக்களப்பில் கிழக்குத் தொழினுட்ப நிறுவனத்துக்குப் பொறுப்பாக இருந்து, பல்கலைக்கழகம் போக முடியாத பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் வேலையைப் பார்த்தார்.

கூடைப்பந்து ஏன் மட்டக்களப்பில் வேர்பிடித்தது என்று கேட்டால், அமெரிக்கர்கள் வந்தார்கள், அதனால் வந்தது என்பது பாதிப் பதில்தான். இந்த விளையாட்டை 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உண்டாக்கினார். வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியொன்றின் ஆசிரியர், இறையியல் படித்தவர். பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் அடங்காமல் திரிந்த மாணவர்களுக்காக, ஒரு மண்டபத்துக்குள் ஆடக்கூடியதாக 13 விதிகளோடு அதை வடிவமைத்தார். பீச் பழம் போடும் கூடைகளை மண்டபத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அடித்தார்கள், அதனால்தான் கூடைப்பந்து. இலங்கைக்கும் முதலில் வை.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. குளிரைத் தாங்க உண்டாக்கிய விளையாட்டு எங்கள் வெயிலுக்குள் வந்து நின்றதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மற்றப் பாதி இடத்தைப் பற்றியது. புனித மிக்கேல் கல்லூரி இருப்பது புளியந்தீவில். மட்டக்களப்பின் பழைய நகரமே வாவிக்குள் கிடக்கும் அந்தச் சிறு தீவுதான். கோட்டை, கச்சேரி, தேவாலயங்கள், பாடசாலைகள் எல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கிரிக்கெட்டுக்கு வேண்டிய புல்வெளி அங்கே இலேசில் கிடைக்காது. கூடைப்பந்துக்கு 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உள்ள தரை போதும். பத்து அடி உயரத்தில் இரண்டு வளையம், ஒரு பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். காலுறையும் மட்டையும் கையுறையும் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் வெறுங்காலோடு இறங்கலாம். பாடசாலை விட்ட பிறகு நகரத்துப் பிள்ளைகளை அடித்துத் திருத்தாமல் ஓடவிட்டுத் திருத்தலாம் என்று நினைத்த குருமாருக்கு இதைவிடத் தோதான விளையாட்டு இல்லை.

ஒரு ஆசிரியர் பாடசாலையில் விளையாட்டைத் தொடக்கி வைப்பது பெரிய காரியமல்ல. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் தொடக்கிவைக்கப்பட்ட விளையாட்டுகளின் துருப்பிடித்த கம்பங்களைப் பார்த்தாலே தெரியும். ஆசிரியருக்கு இடமாற்றம் கிடைத்ததும் அது முடிந்துவிடும். ஹேபியருக்கும் வெபருக்கும் இருந்த வசதி, அவர்கள் போகவில்லை என்பதுதான். பத்து வருடம், இருபது வருடம், முப்பது வருடம் அதே ஊரில் இருந்தார்கள். முதலில் பயிற்றப்பட்டவர்கள் பிறகு பயிற்றுநர்கள் ஆனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதே தரையில் ஆடினார்கள். அகில இலங்கை மட்டத்தில் கொழும்புப் பாடசாலைகளோடு மோதி வெல்லக்கூடிய அணிகள் கிழக்கிலிருந்து போனது அப்படித்தான். எதற்கும் கொழும்பைப் பார்த்துக் காத்திருந்த ஒரு மாகாணத்துக்கு அது சின்ன விசயம் இல்லை.

அவர் துறவி. மனைவி, பிள்ளை இல்லை. ‘குடும்பஸ்தர்’ என்ற சொல்லை அவருக்குப் போட முடியாது. யுத்த காலப் பத்திரிகைகளை வாசித்தவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும்: இளம் குடும்பஸ்தர் சுட்டுக்கொலை, இரண்டு பிள்ளைகளின் தந்தையான குடும்பஸ்தர் மாயம். ஒரு மனிதனைப் பற்றி வேறு எதுவும் எழுதப் பயமாக இருந்த நாட்களில் செய்தியாளர்கள் பாதுகாப்பாக எழுதக்கூடிய சொல்லாக அது இருந்தது. அவன் எந்த இயக்கமும் இல்லை, வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறவன் என்பதை மறைமுகமாகச் சொல்லும் சொல். ஹேபியருடைய அணிகளில் ஆடியவர்கள் பின்னாளில் அப்படிப்பட்ட குடும்பஸ்தர்களாக ஆனார்கள். எழுதுவினைஞர், ஆசிரியர், மின்சார சபை ஊழியர், வெளிநாட்டில் களஞ்சியசாலைத் தொழிலாளி. பதினேழு வயதில் தங்களைப் பெயர்சொல்லி அழைத்து ஓடவைத்த மனிதரின் நினைவுதான் அவர்களுடைய அறிவித்தல்களில் அந்த ஒரு வரியாக நிற்கிறது.

1990இல் என்ன நடந்தது என்பதை விளங்க, அந்த வருடத்து எங்கள் வீதியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் எழுதுவது கல்முனைப் பக்கத்திலிருந்து. இங்கிருந்து வடக்கே மட்டக்களப்புக்கும், அதற்கப்பால் வாழைச்சேனைக்கும் போகும் வீதியில் ஊர்கள் மாலையில் கோத்த இரண்டு நிறப் பூக்கள் போல மாறிமாறி வரும். சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு, களுவாஞ்சிக்குடி, குருக்கள்மடம், ஆரையம்பதி, காத்தான்குடி, மட்டக்களப்பு, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி. ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர். ஒரே மொழி. ஒரே சந்தை. எவரும் மற்றவருடைய ஊருக்குள்ளால் போகாமல் ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ போய்வர முடியாது. சமாதான காலத்தில் இது வளம். 1990இல் அதுவே பொறியாக மாறியது.

ஜூன் 11ஆம் திகதியளவில் விடுதலைப் புலிகளுக்கும் அரசுக்கும் இடையில் மீண்டும் யுத்தம் மூண்டது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார், சிங்களவரும் முஸ்லிம்களும், புலிகளால் கொல்லப்பட்டார்கள். இராணுவம் கல்முனைக்குள் திரும்பி வந்தபோது தமிழர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள், பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குப் போய்க்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் புலிகளால் இறக்கப்பட்டார்கள். ஹஜ் கடமை முடித்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களும் வீடு போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் அதே கொடுமை நடந்தது. அங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. மறுநாள் 12ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 50க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஊர்காவல் படையினரும் அவர்களோடு நின்ற படையினரும் அதைச் செய்ததாக அந்த ஊர் மக்கள் சொல்கிறார்கள்.

இதற்கு மூன்றாம் நாள்தான் ஆகஸ்ட் 15.

கத்தோலிக்கர்களுக்கு அது மரியாளின் விண்ணேற்பு விழா நாள். பெரிய நாள். வாழைச்சேனையில் சிக்கி இருந்தவர்களுக்கு உதவி செய்யப் போயிருந்த ஹேபியர் அன்று திரும்பிக்கொண்டிருந்தார். வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், செங்கலடி தாண்டியதும் ஏறாவூர். மையத்துகளை அடக்கிய மண் காயாத ஊர். கோபமும் பயமும் ஆயுதமும் வீதியில் நின்ற நேரம். அறுபத்தாறு வயது வெள்ளைக்காரர் ஒருவரும், அவருக்குப் பின்னால் ஒரு தமிழ் இளைஞரும்.

அவர்களுக்கு என்ன நடந்தது என்பது பற்றி இரண்டு பேச்சு நெடுங்காலமாக உண்டு. ஏறாவூர்ப் பக்கத்தில் ஆயுதம் வைத்திருந்த முஸ்லிம் கும்பலோ ஊர்காவல் படையினரோ இருவரையும் பிடித்துக் கொன்றார்கள் என்பது ஒன்று. மற்றது, ஹேபியர் மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்தவர், கைதாகிக் காணாமற்போனவர்களைப் பற்றிப் படையினரிடம் கேள்வி கேட்டவர், ஆகவே படையினரின் கையோ கண்சாடையோ இல்லாமல் இது நடந்திருக்காது என்பது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அந்த நாட்களில் ஊர்காவல் படைக்கு ஆயுதம் கொடுத்தது அரசுதான். நான் பார்த்தவரைக்கும் இந்த இரண்டில் எதைச் சொல்வது என்பதை, சொல்கிறவர் எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உடல்கள் கிடைக்கவில்லை. எவரும் தண்டிக்கப்படவில்லை. அமெரிக்காவில் பிறந்து, உலகமெங்கும் வேரோடிய ஒரு சபையைச் சேர்ந்த குருவுக்கே பதில் இல்லை என்றால், சத்துருக்கொண்டான் விவசாயிக்கும் குருக்கள்மடத்தில் இறக்கப்பட்ட ஹாஜியாருக்கும் யார் பதில் சொல்வார்கள் என்று அந்த நாட்களில் மக்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

சமாதானக் குழு என்றதும் இன்றைய தலைமுறை, கூட்டம் கூடித் தேநீர் குடித்துக் கலையும் ஓர் அமைப்பை நினைக்கலாம். அது அப்படி அல்ல. ஒரு தாய் வந்து மகனை ராத்திரி கொண்டுபோய்விட்டார்கள் என்பாள். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், எந்த முகாம், எத்தனை மணி, என்ன வாகனம் என்று எழுதவேண்டும். எழுதியதை எடுத்துக்கொண்டு அந்த முகாம் வாசலுக்குப் போகவேண்டும். இல்லை என்று சொன்னால் அடுத்த முகாம். அப்படி எழுதுகிறவர்களின் பெயரும் வேறு யாருடையதோ பட்டியலில் ஏறும். மட்டக்களப்பில் பிரஜைகள் குழுவை நடத்திய அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6ஆம் திகதி தேவாலய வளவுக்குள்ளேயே சுடப்பட்டார். ஹேபியர் இது தெரிந்தே அந்த வேலைக்குள் இருந்தவர். கூடைப்பந்துப் பயிற்றுநரிடம் பழக்கமான ஒன்று அதற்கு உதவியிருக்கலாம்: ஆட்களைப் பெயரால் ஞாபகம் வைத்திருப்பது.

அந்தப் பயணத்துக்குப் பிறகும் கொலைகள் நிற்கவில்லை. செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. அதே மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 180க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்த எண்ணிக்கைகளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் காணாமற்போனது சின்னதாகத் தெரியலாம். அதனால்தானோ என்னவோ, ஹேபியரின் கதையை மட்டக்களப்புக்கு வெளியே, கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ, என் வயதுக்காரர் அநேகம் பேர் கேள்விப்பட்டதில்லை. மறதிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் காணாமற்போன இடம் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பேச முடியாத இடம். தமிழர் பேசினால் ஏறாவூர் முஸ்லிம்களைக் குற்றம் சாட்டுவதாகிவிடும். முஸ்லிம்கள் பேசினால் நான்கு நாட்களுக்கு முன் தங்கள் வீடுகளில் நடந்ததை மறந்துவிட்டுப் பேசுவதாகிவிடும். எங்கள் ஊரில் பிரதேச செயலகத்துக்கே இரண்டு பக்கம் இருக்கிறது. இப்படி ஒரு மனிதரை எந்தப் பக்கத்துத் தியாகியாக எழுதுவது?

கோபி பிரையன்ட் இறந்தபோது எங்கள் ஊர்ப் பையன்கள்கூட முகநூலில் அவருடைய படத்தைப் போட்டார்கள். 2020 ஜனவரி 26, கலிபோர்னியாவின் கலபசாஸ் மலைப் பக்கத்தில் ஹெலிகொப்டர் விழுந்தது. கோபி, அவருடைய பதின்மூன்று வயது மகள் ஜியானா, இன்னும் ஏழு பேர். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை நான்கு பெண் பிள்ளைகளின் தகப்பன் என்றும் எழுதின. ஒரு வருடத்தில், 2021 பெப்ரவரியில், அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை காரணத்தை வெளியிட்டது: முகிலுக்குள் பறந்த விமானி திசை உணர்வை இழந்துவிட்டார். மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று தெரியாமல் மலையில் மோதினார். அந்தக் குடும்பத்துக்குத் துக்கம் குறைந்திருக்காது. ஆனால் அவர்களுக்கு ஒரு திகதி இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. கல்முனை ஆட்களுக்கு ஹெலிகொப்டர் என்றதும் வேறொன்றுதான் ஞாபகம் வரும். 2000 செப்டம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் சென்ற ஹெலிகொப்டர் விழுந்தது. அந்த விசாரணை முடிவு மக்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை என்ற மனக்குறை இங்கே இன்னும் இருக்கிறது. ஓர் அமைச்சருக்கே அந்த நிலை.

திகதியும் இடமும் ஏன் இவ்வளவு முக்கியம்? எங்கள் சடங்குகள் எல்லாம் அவற்றின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. சைவருக்கு எட்டும் அந்தியேட்டியும் ஆண்டுத் திவசமும் இறந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. திவசத்துக்குத் திதி வேண்டும். கத்தோலிக்கருக்கு முப்பத்தோராம் நாள் பூசையும் கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்லறையும் வேண்டும். முஸ்லிம் பெண் கணவன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். மௌத்து உறுதி இல்லை என்றால் இத்தாவை எந்த நாளிலிருந்து எண்ணுவது? கணவன் காணாமற்போன தமிழ்ப் பெண் பொட்டு வைப்பதா அழிப்பதா? இந்தக் கேள்விகளோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள் இந்தக் கரையோரத்தில் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். ஹேபியர் விசயத்தில் அவரைக் கடைசியாகக் கண்ட நாளையே நினைவு நாளாக எடுத்துக்கொண்டார்கள். வேறு வழி இல்லை.

சட்டமும் இதை மிகத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. காணாமற்போன ஒருவருக்கு நீண்ட காலம் இரண்டே வழி இருந்தன: உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது, அல்லது மரணச் சான்றிதழ் எடுப்பது. மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் சம்பள நிலுவை, காணி, வங்கிக் கணக்கு எதையும் தொடலாம். அதனால் பல தாய்மார் மனம் ஒவ்வாமலே கையெழுத்து வைத்தார்கள். கையெழுத்து வைத்த கையால் மகனைக் கொன்றுவிட்டதாக நினைத்தவர்களும் உண்டு. 2016இல்தான், இறந்தார் என்று சொல்லாமல், இவர் காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்குச் சட்டம் வந்தது. அதே வருடம் காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. 2018இல் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. மட்டக்களப்பிலும் அதற்கு ஒரு பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஆகஸ்ட் 30ஆம் திகதியும், காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச நாளில், படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் நிற்கும் அம்மாமாரில் அநேகர் அந்த அலுவலகத்தை நம்பவில்லை. பதில் கேட்டால் பணம் தருகிறோம் என்கிறார்கள் என்பது அவர்களுடைய முறைப்பாடு.

கிழக்கில் ஆகஸ்ட் மாதம் இப்படித்தான் போகிறது. 3ஆம் திகதி காத்தான்குடியில் கடைகள் பூட்டியிருக்கும். 12ஆம் திகதி ஏறாவூரில் சுஹதாக்களுக்காகத் துஆ. அதே நாள் வீரமுனையில் விளக்கேற்றுவார்கள். 15ஆம் திகதி ஹேபியரை நினைக்கிறவர்கள் நினைப்பார்கள். 30ஆம் திகதி அம்மாமார். ஒரு ஊரின் நினைவு நாளுக்கு அடுத்த ஊரார் போவது மிக அரிது. பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இன்று ஏன் வெள்ளைக்கொடி கட்டியிருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

வெபர் அடிகளார் 1998இல் மட்டக்களப்பிலேயே காலமானார். அவருக்குக் கல்லறை இருக்கிறது, மைதானமும் இருக்கிறது. அவர்களோடு அதே காலத்தில் வந்தவரும் சமாதானக் குழுவில் ஹேபியரோடு உழைத்தவருமான ஹரி மில்லர் அடிகளார், அறுபது வருடத்துக்குப் பிறகு 2009இல் ஓய்வுக்காக நியூ ஓர்லியன்ஸுக்குத் திரும்பிப் போனார். அங்கே தரிக்க முடியாமல் மட்டக்களப்புக்கே வந்துவிட்டார். 2018 முடிந்து 2019 பிறக்கும் தறுவாயில், தொண்ணூறு வயதைத் தாண்டி, இங்கேயே கண்மூடினார். கூட வந்த இருவருக்கும் இந்த மண்ணில் ஆறடி கிடைத்தது. ஹேபியருக்கு எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கும் இப்போது வயதாகிக்கொண்டு வரும்.

ஹேபியரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரோடு நிறுத்திவிடுகிறார்கள். கூடைப்பந்து, கல்லூரி, அமெரிக்கா, சமாதானக் குழு என்று எழுத அவரைப் பற்றி நிறைய இருக்கிறது. ஸ்கூட்டரில் பின்னால் இருந்தவர் ‘ஒரு தமிழ் இளைஞர்’ என்று முடிந்துவிடுகிறார். பெயர் போடுகிறவர்களும் பேர்ட்ரம், பெட்ரம், பெற்றம் என்று ஆளுக்கொரு விதமாகப் போடுகிறார்கள். ஒரு பாதிரியாரைத் தனியாக விடக்கூடாது என்று ஏறினாரா, மட்டக்களப்பில் அவருக்கே ஒரு அலுவல் இருந்ததா, அன்றைய வீதியில் அவருக்கிருந்த ஆபத்து முன்னால் இருந்தவருக்கு இருந்ததைவிட எத்தனை மடங்கு என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் இன்று அநேகமாகப் பேரப்பிள்ளை காணும் வயது. அவருக்கு ஓர் அணி இல்லை, பழைய மாணவர் சங்கம் இல்லை. ஆகஸ்ட் 15ஆம் திகதி பூசை ஒப்புக்கொடுக்கிறவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லலாம். எங்கள் பக்கத்துச் செய்தியாளர்களும் அடுத்த முறை எழுதும்போது இரண்டாவது பெயரையும் எழுதலாம்: பேர்ட்ரம் பிரான்சிஸ்.